தகரப் பெட்டியில் கிடந்த பத்திரம்: பழைய சட்டச் சொற்களைப் பிடித்துப் படிக்கும் வழி

பர்மாவில் தோங்வா பக்கம் நாற்பது ஏக்கர் வயல் தாத்தா பேரில் இருக்கிறது என்று அப்பா சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன். சாட்சிக்கு ஒரு தகரப் பெட்டி. உள்ளே துணியில் சுற்றிய பத்திரங்கள். ஒரு புரோக்கர் வந்தார், பிரித்துப் பார்த்தார், "பேப்பர் நல்லா இருக்கு, பேசி வாங்கிடலாம்" என்றார், செலவுக்கென்று பணம் வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான், திரும்பி வரவில்லை.

பிறகு நானே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு மாதம் ஆனது. தாத்தாவின் கையெழுத்துக்கு முன்னால் பொடி எழுத்தில் "பவர் ஏஜெண்டு" என்று இருந்தது. வயல் அவருடையதே அல்ல. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, தாத்தா இங்கே அவருக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதுவும் கிரயமல்ல, ஈடு: விற்பனையல்ல, கடனுக்கு வைத்த அடமானம். இரண்டு சொல்லைப் படிக்கத் தெரியாமல் மூன்று தலைமுறை கனவு கண்டிருக்கிறோம்.

ரங்கூனிலும் மோல்மேனிலும் பல தமிழ் வீடுகளில் இப்படி ஒரு பெட்டி இருக்கும். பள்ளிக்கூடத்தில் பர்மியம், கோயில் வகுப்பில் கொஞ்சம் தமிழ் என்று படித்த நமக்கு அந்தக் காகிதங்களின் தமிழ் பிடிபடாது. காரணம், அது ஒரே ஊர்த் தமிழல்ல. கடனும் நிலமும் பேசும் தமிழ்ச் சொல், உரிமையைச் சொல்லும் சமஸ்கிருதம், கச்சேரிக்குரிய (அரசு அலுவலகம், கோர்ட்டு) பாரசீகம், அரபு, நோட்டுக்கும் பவருக்கும் இங்கிலீஷ் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், பத்திரத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பது தானாகத் தெரியும். நான் பிடித்துக்கொண்ட வழி இது.

முதலில்: படிக்காதீர்கள், பாருங்கள்

மடிப்பை வலிந்து பிரிக்காதீர்கள். எந்தத் தாளோடு எந்தத் தாள் சேர்ந்து இருந்தது என்பதும் ஒரு தகவல்தான், கலைக்காமல் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஸ்டாம்பில் இருக்கும் ராஜாவின் முகத்தைப் பாருங்கள். விக்டோரியா என்றால் 1901-க்கு முன்னால் அச்சானது. ஏழாம் எட்வர்ட் 1901 முதல் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, அதற்குப் பின் ஆறாம் ஜார்ஜ். 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம்தான். அதனால்தான் மதராஸ் சட்டச் சொற்கள் கப்பலேறி இங்கே வந்தன. சட்டங்களும் அவையே: 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 1899-ஆம் வருஷத்து ஸ்டாம்புச் சட்டம், 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம்.

தேதியும் குறிகளும்

பலர் முதல் வரியிலேயே நின்றுவிடுவது குறிகளால். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. "1931 ௵ ஜூலை ௴ 15 ௳" என்பது வெறும் தேதிதான், பயப்பட ஒன்றுமில்லை. ௹ ரூபாய். ௷ வரவு, ௶ பற்று. இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள், பின்பக்கத்துக்குப் போகும்போது வேண்டும்.

எல்லாவற்றிலும் குறும்புக்காரக் குறி ௸. மேற்படி என்பதன் சுருக்கம் அது. பார்க்க "ஷை" போல இருப்பதால் அப்படியே வாசித்து, அப்படியே எழுதவும் ஆரம்பித்துவிட்டார்கள். "ஷையார்" என்றால் மேற்படியார். என் பெரியப்பா ஒருவர், ஷையார் என்பது யாரோ ஒரு முஸ்லிம் பங்காளி என்றே கடைசி வரை நம்பினார்.

தமிழ் வருஷப் பெயர் இருந்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். பிரபவ 1927-இல் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் பிரமோதூத 1930, பிரஜோற்பத்தி 1931, விஷு 1941. சித்திரையில்தான் வருஷம் பிறக்கிறது என்பதால் தை, மாசி, பங்குனி மாதங்களுக்கு இங்கிலீஷ் வருஷம் ஒன்று கூடிவிடும். பிரஜோற்பத்தி ஆவணி என்றால் 1931, பிரஜோற்பத்தி மாசி என்றால் 1932. அதுவா, அறுபது வருஷம் முந்திய பிரஜோற்பத்தியா என்று சந்தேகம் வந்தால் ராஜாவின் முகம் தீர்த்து வைக்கும்.

தொகை "1-4-0" என்று இருந்தால் ஒரு ரூபாய் நான்கு அணா. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. வட்டியென்றால் பெரும்பாலும் நூற்றுக்கு மாதத்துக்கு எழுதுவார்கள். ஆக 1-4-0 வட்டி என்பது வருஷத்துக்கு 15 ரூபாய். பங்கையும் அணாவில் சொல்வார்கள், நாலணாப் பங்கு என்றால் கால் பங்கு.

யார், யாருக்கு, யாருக்காக

"இன்னார் குமாரர் இன்னாருக்கு, இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்தது என்னவென்றால்" என்றுதான் பத்திரம் தொடங்கும். "உக்கு" உருபு ஒட்டியவர் வாங்கியவர். இரண்டாவது வருபவர் கொடுத்தவர். நீளமான வாக்கியத்தில் இது தலைகீழாகத் தெரியும், அவசரப்படாதீர்கள்.

பெயருக்கு முன்னால் நாலைந்து தலைப்பெழுத்து வரிசையாக நின்றால் அது விலாசம். இன்றைக்கு விலாசம் என்றால் முகவரி. செட்டியார் கடைகளில் அது கடையின் பெயர்: பாட்டனார், அப்பா, மகன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த மாலை. எழுதுவது "மு.மெ.", சொல்வது மூனா மேனா.

அடுத்து கையெழுத்து. யார் போட்டார் என்பதைவிட எந்த ஹோதாவில், அதாவது எந்த நிலையில், போட்டார் என்பதுதான் முக்கியம். லேவாதேவி (வட்டிக்கடை) முதலாளிகளில் பலர் ஊரிலேயே இருப்பார்கள். மூன்று வருஷத் தவணைக்கு ஓர் ஏஜெண்டு கப்பலேறி இங்கே வந்து நடத்துவார். அவருக்கு மேலாள் என்று பெயர், கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். முதலாளி பேரில் வழக்குப் போட, பத்திரம் எழுத அவருக்குப் பவர் வேண்டும். பழைய காகிதங்களில் அதற்கு முக்தியார்நாமா என்று பெயர். முக்தார் அரபு, தேர்ந்தெடுக்கப்பட்டவர், அதிகாரம் பெற்றவர். நாமா பாரசீகம், எழுத்து, கடிதம். உங்கள் தாத்தாவின் கையெழுத்தோடு பவர், ஏஜெண்டு, முக்தியார் என்று ஏதாவது ஒட்டியிருந்தால் சொத்து அவருடையதல்ல. சம்பளச் சீட்டு ஒன்று பெட்டியில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உயிர் நிலை: எந்தச் சொல்லால் கொடுத்தார்கள்?

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். ஏக்கரையும் தொகையையும் விட்டுவிட்டு, கொடுத்ததைச் சொல்லும் சொல்லைத் தேடுங்கள்.

கிரயம் என்றால் விற்பனை. சமஸ்கிருதத்தில் கிரயம் வாங்குவது, விக்கிரயம் விற்பது. தமிழில் கிரயமே இரண்டுக்கும் போதும் என்று ஆகிவிட்டது. உண்மையான கிரயத்தை அதன் ஆரவாரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்." பிள்ளை, பேரன் வழிவழியாக, தானம் கொடுக்க, மாற்றிக்கொள்ள, விற்க உங்களுக்கு முழு உரிமை என்று பொருள். நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம் என்று அஷ்டபோகப் பட்டியலும் (எட்டு வகை அனுபவ உரிமை) வரலாம். நிதி புதையல், நிக்ஷேபம் வைத்துப் போன பொருள், பாஷாணம் இங்கே விஷமல்ல, கல். கோயில் கல்வெட்டுகளில் இருந்த வழக்கு அது. ஐராவதி டெல்டாவின் சேற்றில் என்ன கல்லைத் தோண்டப் போகிறார்கள்? எழுத்தருக்கு அதெல்லாம் கவலையில்லை, மனப்பாடம் ஒப்பிக்கிறார்.

ஒத்தி நல்ல தமிழ்ச் சொல். பழைய வடிவம் ஒற்றி. கடன் கொடுத்தவர் நிலத்தைத் தன் கையில் வைத்து விளைச்சலை எடுத்துக்கொள்வார், வட்டிக்குப் பதில் அதுதான். போக்கியம் என்பதும் ஏறக்குறைய இதுவே. சமஸ்கிருத போக்யம், அனுபவிக்கத் தக்கது. பத்திரத்தில் சுவாதீனம் என்ற சொல் வந்தால் கவனியுங்கள். அது கைவசம் இருப்பதைச் சொல்கிறது, சொந்தத்தை அல்ல. வயலில் உங்கள் தாத்தா பத்து வருஷம் விதைத்து அறுத்திருக்கலாம், ஆனாலும் அது ஒத்தியாகவே இருந்திருக்கலாம். அந்தக் காலத்துக் காலவரையறைச் சட்டப்படி அடமானத்தை மீட்க 60 வருஷம் வரை வாய்ப்பு இருந்தது.

ஈடு என்பதும் தமிழ். ஒன்றுக்கு ஒன்று சரிசமமாக வைப்பது. ஈட்டுப் பத்திரத்தில் நிலம் கடன் வாங்கியவர் கையிலேயே இருக்கும், பணம் வராவிட்டால் கோர்ட்டு மூலம் விற்று எடுக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொரு வகை உண்டு. அதுதான் பலரையும் ஏமாற்றுவது. பெட்டியில் முன்பின் தெரியாத ஒருவர் பேரில் அசல் கிரயப் பத்திரம் இருக்கும். வேறொன்றும் இருக்காது. "தாத்தா இவரிடமிருந்து வாங்கியிருக்கிறார்" என்று நினைத்துவிடுவோம். சொத்து மாற்றுச் சட்டம் சில துறைமுகப் பட்டணங்களுக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்திருந்தது. ரங்கூன், மோல்மேன், பசீன், அக்யாப் நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. அங்கே மூலப் பத்திரத்தைக் கையில் கொடுத்துக் கடன் வாங்கினாலே அது அடமானம், தனியாக எழுதிப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆக அந்தப் பத்திரம் அடகு வந்த நகை மாதிரி. பெட்டியில் இருக்கிறது, நம்முடையதல்ல.

நிலம் பர்மியக் குடியானவருடையது என்றால் பத்திரம் பர்மியத்திலோ இங்கிலீஷிலோ இருக்கும். பர்மியத்திலும் இதே வித்தைதான்: "பௌங்" என்று வந்தால் அடமானம், "யௌங்" என்று வந்தால் விற்பனை. பழைய வட்ட எழுத்து மங்கிப்போயிருந்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பர்மியம் நன்றாகப் படிக்கிற பெரியவர் ஒருவரிடம் அந்த ஒரு சொல்லை மட்டும் காட்டிக் கேளுங்கள். கோர்ட்டுக் காகிதமும் பர்மியத்தில் இருந்தால் வக்கீல் "ஷே நே", முன்னால் இருப்பவர். ஜாமீன் "ஆமகான்". அதன் முன்பாதி பாலி மொழியின் ஆம, நம் ஊர் ஆம் போலவே சம்மதம் சொல்வது. ஆம் என்று சொன்னவர் சுமக்க வேண்டியதுதான்.

பாத்தியதை என்ற சொல்லை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழில் உரிமை. இதே சொல் தெலுங்கிலும் கன்னடத்திலும் கடமை, பொறுப்பு. மூலத்தில் கட்டாயத்துக்கு உட்பட்டது என்ற பொருள். ஒருவர் கட்டுண்டால்தானே இன்னொருவருக்கு உரிமை!

பாரிகத்து என்று தலைப்பு இருந்தால் அது விடுதலைப் பத்திரம். அரபு ஃபாரிக், நீங்கியவர். கத் கடிதம். பங்காளிகளில் ஒருவர் தன் பங்கை வாங்கிக்கொண்டு இனி எனக்குச் சம்பந்தமில்லை என்று எழுதித் தருவது. அதை எழுதியவர் உங்கள் தாத்தா என்றால், மன்னிக்கவும், மேலே படிக்க ஒன்றுமில்லை.

அசலா நகலா

அசல் அரபுச் சொல், வேர் என்று பொருள். நகலும் அரபு, எடுத்து எழுதியது. அவை வருமுன் நாம் மூல ஓலை, படி ஓலை என்று சொல்லிவந்தோம். பெரியபுராணத்தில் சுந்தரரை அடிமை என்று வழக்காட வந்த கிழவர் இந்த வித்தையைத்தான் செய்கிறார். சுந்தரர் கிழித்தது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வருகிறது. சபையார் கேட்கும் ஆதாரமும் மூன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அனுபோகம், பத்திரம், சாட்சி. இன்றைக்கும் சிவில் வக்கீல் கேட்பது இதைத்தான்.

பத்திரம் என்றாலே இலை. சாட்சி, கண்ணோடு இருந்தவர். வள்ளுவர் காலத்தில் அதற்குக் கரி என்று பெயர். பத்திரத்தின் அடியில் சாட்சிகள் இரண்டு பேராவது இருக்கிறார்களா, எழுதியவர் பெயர் இருக்கிறதா, பதிவு நம்பர் இருக்கிறதா பாருங்கள். எல்லாம் ஒரே கையெழுத்தில் இருந்தால் பெரும்பாலும் அது நகல்.

எல்லை

விரைவாகச் சொல்லிவிடலாம். வயல் என்றால் ஊர்ப் பேரோடு குவின் நம்பர் இருக்கும். குவின் என்பது சர்வேக்காரர்கள் பிரித்த வயல் வட்டம், நம் ஊர்ச் சர்வே நம்பரைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். துஜி என்று வருபவர் கிராமத் தலைவர். பட்டணத்து மனை என்றால் நான்கெல்லை: "இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, ரஸ்தாவுக்கு மேற்கு." ரஸ்தாவுக்கு மேற்கு என்றால் ரஸ்தா மனைக்குக் கிழக்கே இருக்கிறது. இதில் தலைசுற்றாதவர் இல்லை. தெருப்பெயர்களும் மாறிவிட்டன, செட்டியார் கடைகள் இருந்த முகல் தெரு இன்று ஷ்வே பொந்தா தெரு.

பின்பக்கம்

புரோநோட்டு, அதாவது பிராமிசரி நோட்டு, கையில் வந்தால் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் பேசும். நோட்டுக் கடனுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள், அதன் பின் காலாவதி. காலம், அவதி இரண்டும் சேர்ந்த சொல். அவதி என்றால் எல்லை, நாம் படும் அவதியல்ல. ஆனால் மூன்று வருஷத்துக்குள் கடன்காரர் கொஞ்சம் பணம் கட்டித் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆயுள் மறுபடி முதலிலிருந்து ஓடும். அதனால்தான் ௷ போட்டு ஐந்தும் பத்துமாய் வரவு. அசலைக் குறைக்கவா அந்த ஐந்து ரூபாய்? நோட்டைச் சாகாமல் வைக்க. கடைசி வரவுக்குப் பின் மூன்று வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள், அந்த நோட்டு இறந்த தேதி கிடைத்துவிடும். அந்தக் காலத்தில் 20 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஓரணா ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஸ்டாம்பின் மேல் குறுக்கே கையெழுத்துப் போடுவது அழகுக்கல்ல, அதைப் பிய்த்து மறுபடி ஒட்டாமலிருக்க.

கோர்ட்டுக் காகிதம்

இங்கே பாரசீகமும் அரபும் கொட்டும். முகலாயர் ஆட்சியின் நிர்வாக மொழி பாரசீகம். ஆற்காட்டு நவாபு கச்சேரியிலும் அதுதான். கும்பினிக்காரர்கள் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) ஆட்களை மாற்றினார்கள், சொற்களை மாற்றவில்லை. 1837-இல் கச்சேரிப் பாரசீகத்துக்கு விடை கொடுக்கச் சட்டம் போட்ட பிறகும் சொற்கள் போகவில்லை.

தாவா, உரிமை கோருவது. பிராது, பாரசீக ஃபரியாத், அதாவது முறையீட்டுக் கூக்குரல். வக்காலத்து, ஒருவருக்காக இன்னொருவர் நிற்கும் பொறுப்பு. தாக்கல், உள்ளே நுழைப்பது. ஆஜர், எதிரில் இருப்பது. ரத்து, திருப்பித் தள்ளுவது. இவற்றில் சிக்கலில்லை. பொருள் வழுக்கிய சில சொற்கள்தான் குழப்பும்.

வாய்தா அரபு மூலத்தில் வாக்குறுதி. இந்தத் தேதியில் வருவேன் என்ற வாக்கு, பிறகு அந்தத் தேதி, பிறகு தேதியைத் தள்ளிப்போடுவதே வாய்தா! ஜாமீன் முதலில் மனிதர், பிணை நிற்பவர். அவரைச் சொன்ன சொல் பிணைக்கே ஆகிவந்தது. பழைய காகிதத்தில் "ஜாமீன் இன்னார்" என்றால் பிணையாளி இன்னார் என்று படியுங்கள். ராஜினாமா என்றதும் வேலையை விட்டார் என்று நினைக்காதீர்கள். ராஜி சம்மதம், நாமா எழுத்து. வழக்கில் ராஜினாமா தாக்கல் என்றால் இருவரும் சமரசம் ஆனார்கள். முச்சலிக்கா துருக்கியச் சொல், இப்படி நடந்துகொள்வேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதி.

டிக்கிரி (கோர்ட்டுத் தீர்ப்பு) ஆன பிறகு ஜப்தி (சொத்தைக் கைப்பற்றுவது), அதற்கு அமீனா வருவார். அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர். வாசலில் தவலையும் குத்துவிளக்கும் எடுத்துக்கொண்டு போகும்போது எந்த வீட்டுக்காரரும் அவரை அப்படி நினைத்திருக்க மாட்டார். கூட வரும் டவாலி, தோளில் போட்ட வாரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். கடைசியில் ஏலம், அது போர்த்துக்கீசியரின் லெய்லாவ். 1930-க்குப் பின் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போக, கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1937-இல் 25 சதவீதம். உங்கள் பெட்டியில் இந்த வருஷங்களின் டிக்கிரி நகல்கள் கொத்தாக இருந்தால் காரணம் இதுதான். நெல் வியாபாரிக்கு நிலம் வேண்டியிருக்கலாம், வட்டிக்காரருக்குப் பணம்தான் வேண்டும். பணம் வராமல் நிலம் வந்தது.

இன்றைக்கு என்ன மதிப்பு?

நிலமாகக் கேட்டால், இல்லை. 1942-இல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தபோது பெட்டிகள் மூடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் 1948-லும் 1953-லும் நிலத் தேசியமயச் சட்டங்கள் வந்தன. 1963, 1964-இல் கடைகளும் வங்கிகளும் அரசிடம் போயின. அதே 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின, தமிழர்கள் கப்பல் கப்பலாகக் கிளம்பினார்கள். பெட்டியைப் பார்த்து எவராவது "மீட்டுத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்டால் ஒரு லேபே தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆனால் குடும்பக் கதையாகப் படிக்க அதைவிட நல்ல ஏடு கிடையாது. எந்த வருஷம் வந்தார், எந்த ஊரில் உட்கார்ந்தார், யாருக்கு ஜாமீன் நின்று மாட்டினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் உறை போட்டு, மேலே பென்சிலால் தேதி, கொடுத்தவர், வாங்கியவர், வகை என்று நான்கு வரி எழுதுங்கள். பேனா வேண்டாம்.

தோங்வாப் பத்திரத்தின் உறையில் "1931, ஈடு, தாத்தா ஏஜெண்டு, நிலம் நமதல்ல" என்று எழுதி அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லாம் சரிப்பா," என்றார், "அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அழிச்சுடு." பென்சில்தானே, அழித்துவிட்டேன்.